தோட்டத்துத் தண்ணிக்குக் காசு போட்டது யார்? நம்ம கோயில் பைப்படியின் கதை

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் நிதானமா படிங்க. படிச்சிட்டு உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. ஏன்னு கடைசியில் சொல்றோம்.

போன மாதம் திருவிழாக் கூட்டத்தில் பேச்சு கரகத்தில் ஆரம்பிச்சு கக்கூஸில் போய் நின்றது. சிரிக்காதீங்க. அந்தக் காலத்தில் நம்ம அம்மனுக்குக் கரகம் ஜோடிச்சது ஆற்றங்கரையில்தான். முப்பது வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆற்றில் கால் வைக்க முடியாத நிலை வந்ததும், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பைப்படிக்குக் கரகத்தைக் கொண்டு வந்துவிட்டோம். போன வருஷம் தீமிதி அன்றைக்குப் பார்த்து அந்தப் பைப்பும் நூல் மாதிரி ஒழுகிச்சு. அதே நாள் சாயங்காலம் செப்டிக் டேங்க் நிரம்பி வழிஞ்சு, அன்னதானக் கொட்டகை வரைக்கும் வாடை வந்தது. வந்தவங்க முகத்தை எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சரி, அரசாங்கத்தில் மானியம் இருக்கே, விண்ணப்பிக்கலாம் என்று பாரம் வாங்கி வந்தோம். முதல் இரண்டு பக்கம் சுலபம். சங்கப் பதிவு எண், வங்கிக் கணக்கு, குத்தகைக்காரர்களிடம் வாங்கிய மூன்று விலைப் பட்டியல், எல்லாம் கைவசம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் பேனா நின்னு போச்சு. நீர் இணைப்பு யார் பெயரில் உள்ளது? நிலப் பட்டா யார் பெயரில்? கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது? மூன்று கேள்விக்கும் எங்க யாருக்கும் பதில் தெரியவில்லை. அறுபது வருஷமா அந்தப் பைப்பில் தண்ணி பிடிக்கிற பாட்டிமாருக்கும் தெரியவில்லை. பதில் தேடிப் போனபோதுதான் இந்தக் கதை எங்களுக்குக் கிடைத்தது.

பத்து காஜா பக்கம் கெல்லிஸ் கோட்டைக்குப் போனவர்கள், அதற்கு அருகில் இருக்கும் மாரியம்மன் கோயிலையும் பார்த்திருப்பீர்கள். கூரைச் சிற்பங்களுக்கு நடுவில் வெள்ளை உடுப்பு போட்ட ஒரு துரை நிற்பார். வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தின் முதலாளி. முதல் உலகப்போர் முடியும் சமயம் பரவிய ஸ்பானிய ஃப்ளூவில் அவருடைய ஆட்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்தார்கள். அம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் நோய் அடங்கும் என்று ஜனங்கள் கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார் என்பது செவிவழிக் கதை. நோய் வந்தால் அம்மனிடம் போவது நம்ம வழக்கம், அதில் தப்பில்லை. ஆனா ஜனங்கள் துரையிடம் கேட்கக்கூடிய பெரிய உதவியே கோயில்தான் என்று இருந்த காலம் அது. நல்ல தண்ணி கொடு, நல்ல கக்கூஸ் கட்டு என்று கேட்கிற இடத்தில் அவர்கள் இல்லை.

சட்டம் இருந்தது. 1912இல் அப்போதைய கூட்டு மலாய் மாநிலங்களுக்குத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. தோட்ட முதலாளி ஆட்களுக்குத் தங்க இடம், குடிக்கத் தகுந்த தண்ணீர், கழிப்பிடம், மருத்துவ வசதி எல்லாம் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கவனிங்க: கடமை முதலாளியுடையது. அரசாங்கம் அதிகாரி அனுப்பி மேற்பார்வை பார்க்கும், பணம் போடாது. இந்த ஒரு ஏற்பாடுதான் இன்றைக்கு நம்ம கோயில் பைப்படி வரைக்கும் நிழல் மாதிரி கூடவே வந்திருக்கு.

நம்ம பேரில் ஒரு நிதி இருந்தது என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமா இருக்கும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அது இந்தியர் குடியேற்ற நிதி, கடைசியில் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும், ஆள் கணக்குப்படி அதற்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் கப்பல் டிக்கெட்டுக்கும் ஆள் சேர்க்கும் செலவுக்கும் போனது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆளைக் கொண்டு வருவதற்குப் பொதுநிதி உண்டு. வந்த ஆள் லயத்தில் என்ன தண்ணி குடிக்கிறான் என்பது தனித்தனி முதலாளியின் மனசைப் பொறுத்தது. அந்த நிதியை 1999இல்தான் கலைத்தார்கள்.

தண்ணியை விட மோசம் கழிவு. 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஒரு குழு, டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில், மலாயா, ஜாவா, ஃபிஜி மூன்று இடத்திலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. தோட்டத் தமிழர்களையும் பரிசோதித்தார்கள். கொக்கிப்புழு மலத்தோடு வெளியே வந்து, ஈர மண்ணில் குஞ்சு பொரிச்சு, வெறுங்காலில் நடக்கிறவனுடைய தோல் வழியா உள்ளே போகும். குடலில் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். இருட்டோட எழுந்து செருப்பில்லாமல் தீம்பாருக்குப் போன நம்ம தாத்தா பாட்டியை நினைச்சுப் பாருங்க. கழிப்பிடம் இல்லாததால் ரப்பர் மரத்தடியே கழிப்பிடம், அடுத்த நாள் அதே மரத்தடியில் வேலை. தமிழன் சோம்பேறி என்று சில துரைமார் எழுதி வைத்தார்கள். சோம்பலா, சோகையா என்று அவர்கள் சோதிச்சுப் பார்த்திருக்கலாம்.

1926இல் ஒரு நல்ல யோசனை வந்தது. தோட்டங்களிடம் வரி வசூலித்து, வட்டாரம் வட்டாரமாகச் சுகாதார வாரியம் அமைத்து, பொதுவாக வேலை செய்வது என்று சட்டம் போட்டார்கள். பல முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனபோது வாரியங்களும் போய்விட்டன. எங்களைக் கேட்டால், நூறு வருஷத்தில் கைநழுவிப் போன பெரிய வாய்ப்பு அதுதான். அது நிலைச்சிருந்தால், தோட்டத்துத் தண்ணி அப்போதே பொதுக்காரியமாக ஆகியிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும். வாளிக் கக்கூஸ் இருந்த தோட்டங்களில் அந்த வாளியை எடுத்தவர்களும் நம்ம ஆட்கள்தான். விடியும் முன்னே எடுத்து, குழியில் கொட்டிக் கழுவி வைப்பார்கள். அவர்களுக்கு லயத்திலும் ஒதுக்குப்புறம், கோயிலிலும் ஒதுக்குப்புறம். நம்ம கோயிலிலும் அப்படி இருந்ததாகப் பெரியவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். தோட்டத்தின் சுகாதாரத்தைத் தோளில் சுமந்தவர்களை அம்மன் சன்னதிக்கு வெளியே நிறுத்தினோம். துரையைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் பேசணும்.

அவசரகாலம் வந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதில் தொடங்கி, பேராக்கில் ஊரடங்கு. காட்டோரம் சிதறி வாழ்ந்தவர்களைக் கூட்டி வந்து, அரசாங்கம் சுமார் 480 புதுக்கிராமங்கள் அமைத்தது. அதிகமானவை நம்ம பேராக்கில். அவற்றில் வேலியும் காவலும் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனா அரசாங்கம் கட்டிய ஊர் என்பதால் அரசாங்கச் செலவில் பொதுக்குழாய், சாலை, கால்வாய் என்று ஒவ்வொன்றாய் வந்தது. தோட்டத்திலும் லயங்களை ஓரிடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள். அந்த வேலை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. முள்வேலி இரண்டு பக்கமும் ஒன்றுதான், குழாய்க்குப் பணம் வந்த வழி வேறு. அங்கிருந்து இரண்டு கதை பிரிகிறது. இன்றைக்கும் ஈப்போவைச் சுற்றி ஒரு புதுக்கிராமத்தையும் ஒரு பழைய தோட்டத்தையும் அடுத்தடுத்துப் போய்ப் பாருங்க, தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாம் மாறியிருக்கணுமே என்று கேட்பீங்க. சுங்கை சிப்புட்டின் மகன் துன் வீ.தி. சம்பந்தன் 1957இல் சுகாதார அமைச்சர், 1959 முதல் பத்தாண்டுக்கு மேல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர். அவருக்குப் பிறகு 1974இல் அதே தொகுதிக்கு வந்த துன் சாமிவேலுவும் பல ஆண்டுகள் பொதுப்பணி அமைச்சர். அந்தக் காலத்தில் நாட்டின் குடிநீர் வேலைகள் பொதுப்பணி இலாகாவிடம்தான் இருந்தன. ஒரே தொகுதிக்கு அத்தனை காலம் பொதுப்பணி அமைச்சர்! அப்படி இருந்தும், அந்தத் தொகுதியைச் சுற்றியுள்ள லயங்களில் பலர் ஆற்றுத் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும்தான் குடித்தார்கள். அமைச்சர்கள் மறந்துட்டாங்க என்று ஒரு வரியில் முடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கும் மேலே ஒரு சுவர் இருந்தது. அதன் பெயர் ‘தனியார் நிலம்’.

அது எப்படி வேலை செஞ்சதுன்னு பாருங்க. தண்ணீர் மாநில அரசின் அதிகாரத்தில் இருந்தது. 2005இல் அரசியலமைப்பைத் திருத்திய பிறகுதான் மத்திய அரசுக்கும் பங்கு வந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தில் மத்திய அரசு கடனோ மானியமோ கொடுக்கும், மாநிலம் அணையும் சுத்திகரிப்பு நிலையமும் கட்டும், பெரிய குழாயைப் பொதுச் சாலை வரை போடும். சாலையிலிருந்து தோட்ட வாசலுக்குள்ளே நுழைந்தால் அது கம்பெனி நிலம். அங்கே பொதுப்பணத்தைப் போட்டால் கம்பெனி சொத்துக்கு மக்கள் பணத்தைக் கொடுத்த மாதிரி ஆகும் என்பது அதிகாரிகளின் வாதம். காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கு. வாசலில் ஒரு பெரிய மீட்டர், அதற்கு உள்ளே கம்பெனிக் குழாய். குழாய் துருப்பிடிச்சாலும் உடைஞ்சாலும் கம்பெனி பார்த்துக்கணும்.

1970களில் சுகாதார அமைச்சு கிராமப்புறச் சுற்றுப்புறத் தூய்மைத் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டு போனது. கிணற்றுக்குச் சிமெண்ட் வளையம், மலையருவியிலிருந்து தானாக இறங்கி வரும் குழாய், தண்ணி ஊற்றிவிடும் கழிப்பறை. சாமான் அரசாங்கம் தரும், கம்பத்து மக்கள் கோத்தோங் ரோயோங்கில் தாங்களே குழி வெட்டிக் கட்டிக்கொள்வார்கள். அருமையான திட்டம். வயிற்றுப்போக்கும் காலராவும் குறைந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கம்பத்துக்கு வந்த அந்த வெள்ளைப் பீங்கான், பக்கத்துத் தோட்டத்து லயத்துக்கு வரவில்லை. காரணம் அதே சுவர்தான்.

துன் சம்பந்தன் அந்தச் சுவரை வேறு பக்கத்திலிருந்து இடிக்கப் பார்த்தார் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. வெள்ளைக்காரர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன நேரத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாய் நடந்து, மாதம் பத்து வெள்ளி போடச் சொல்லி, 1961இல் கெடாவில் முதல் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. நிலம் நம்மதானால் பைப்பும் நம்மதுதானே. ஆனா எத்தனை தோட்டத்தைத்தான் வாங்க முடியும்? மற்றவை கை மாறிக்கொண்டே போயின.

சட்டம் மறுபடியும் வந்தது. 1966இல் ஒன்று, அதற்குப் பதிலாக 1990இல் இன்னொன்று, தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம். பொதுக்குழாயிலிருந்து இலவசமாகப் போதுமான தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்று இந்த முறை தெளிவாகவே எழுதினார்கள். அதே 1990இல் பேராக்கில் லெம்பாகா ஆயர் பேராக் என்ற நீர் வாரியமும் வேலையைத் தொடங்கியது. நல்ல நேரம் மாதிரித் தெரியும். ஆனா அதற்குள் ரப்பரின் காலம் முடிஞ்சு போச்சு. மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அல்லது நிலத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். 1980களிலிருந்து இருபது ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். முதலாளியின் கடமை என்றுதானே சட்டம்? வேலை இல்லாதவனுக்கு முதலாளி ஏது? முதலாளியே இல்லாத லயத்துக்குத் தண்ணி கொடுக்க வேண்டியவர் யார்?

நம்ம தோட்டத்தில் நடந்ததும் இதுதான். கம்பெனி இரண்டு முறை கை மாறியது. லயத்தை இடிச்சாங்க. ஜனங்கள் புந்தோங், சிமோர், மெங்லெம்பு என்று சிதறிப் போனாங்க. கோயில் மட்டும் அதே இடத்தில் நின்றது, கூடவே பைப்பும். பழைய பெரிய மீட்டரிலிருந்து ஒரு கிளைக்குழாய் மண்ணுக்கடியில் கோயில் வரை வருகிறது. பில் கம்பெனிக் கணக்கில் வருது, நம்ம பங்கை நாம் கட்டிக்கொண்டு வருகிறோம். ரசீது நம்ம பேரில் கிடையாது. பாரத்தின் மூன்றாம் பக்கத்துக்கு இதுதான் பதில், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பின்னாளில் கதவு கொஞ்சம் திறந்தது, அதையும் சொல்லியாகணும். பத்தாவது மலேசியத் திட்டக் காலத்தில், அதாவது 2011 முதல் 2015 வரை, தோட்டங்களுக்குச் சுத்திகரித்த குழாய்த் தண்ணி கொடுப்பதற்கென்றே மத்திய அரசு நிதி ஒதுக்கியது. தனியார் நிலத்துக்குள்ளும் பொதுப்பணம் போகலாம் என்று ஒத்துக்கொள்ள ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கு. அப்போது ஆள் குடியிருந்த தோட்டங்களுக்கு அது கை கொடுத்தது. ஏற்கனவே காலியான தோட்டத்தில் தனியாக நின்ற கோயிலுக்கு அதில் இடமில்லை.

கழிவுநீர்க் கதை சின்னது, ஏன்னா அதற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். ஊராட்சி மன்றங்கள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை, 1993இல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் போட்டு, இண்டா வாட்டர் என்ற தனியாருக்கு 28 ஆண்டுக்குக் கொடுத்தார்கள். ஜனங்கள் பில் கட்ட மறுத்தது உங்களுக்கு நினைவிருக்கும், நாங்களும் முணுமுணுத்தவர்கள்தான். 2000இல் அரசாங்கமே அதை வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு மாதம் எட்டு ரிங்கிட்டாக வெகுகாலம் இருந்த கட்டணம் 2023இல்தான் பத்து ஆனது. வசூலாகும் பணம் செலவுக்குக் காணாது, மீதியை அரசாங்கம் போடுகிறது. அதாவது தாமானில் குடியிருப்பவர் தண்ணி ஊற்றும் ஒவ்வொரு தடவையும் பொதுப்பணத்தில் ஒரு பங்கு கூடவே போகுது. தாமானுக்கு வெளியே, செப்டிக் டேங்க் வைத்திருப்பவர் தன் டேங்கைத் தானே பார்த்துக்கணும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்துச் சகதியை உறிஞ்சி எடுக்க வேண்டும். நம்ம டேங்கைக் கடைசியாக எப்போது எடுத்தோம் என்று கூட்டத்தில் கேட்டபோது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

கணக்கையும் போட்டோம். திருவிழா அன்று 1,500 பேர், ஆளுக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு ஆறு லிட்டர் என்று வைத்தாலும் 9,000 லிட்டர். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய டேங்க் அது. செப்டிக் டேங்கில் தண்ணி நின்று தெளிய நேரம் வேணும். அப்போதுதான் கனமானது கீழே தங்கும். அடித்துக்கொண்டு வந்தால் தெளியாமலே வெளியே போகும். நம்ம கிந்தாப் பள்ளத்தாக்கில் பல இடத்தில் ஈயம் கழுவிக் கொட்டிய மணல், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். மணல் ஒன்றையும் பிடித்து வைக்காது. நம்ம டேங்கிலிருந்து வழிவது கால்வாய்க்குப் போய், கால்வாய் ஓடைக்குப் போய், ஓடை கிந்தா ஆற்றில் சேருகிறது. நாம் கரகம் ஜோடிக்க ஆற்றை விட்டு ஓடி வந்தோமே, அந்த ஆற்றில் நம்ம பங்கும் இருக்கு. கூட்டத்தில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மலாய் மொழியில் நிலப் பட்டாவுக்கும் கெரான் என்று பேர், அரசாங்க மானியத்துக்கும் கெரான் என்று பேர். நம்ம பிரச்சினையும் அந்த ஒரு சொல்லில்தான் சிக்கியிருக்கு. இந்தக் கெரான் இல்லாததால் அந்தக் கெரான் கிடைக்காது. உடனடியாக நிலம் நம்ம பேருக்கு மாறாது, அது தனி வழக்கு, தனிப் போராட்டம். ஆனா கோயில் இங்கே இத்தனை காலமாக இருக்கிறது, தண்ணி இணைப்பு தோட்டக் காலத்திலிருந்தே கோயிலுக்கு இருக்கிறது என்று காட்ட முடிந்தால், தனி மீட்டர் கேட்டாவது மனுப் போடலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நில உரிமையாளரின் சம்மதக் கடிதத்துக்கும் எழுதியிருக்கிறோம்.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினோம். உங்க வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால் தேடிப் பாருங்க. தோட்டத்துச் சம்பளச் சீட்டில் கோயிலுக்கென்று பிடித்தம் இருந்தால் அது எங்களுக்கு வேணும். பழைய கல்யாணப் படமோ உபயப் படமோ, பின்னணியில் பைப்படியோ கிணறோ தெரிஞ்சால் அதுவும் வேணும். பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் போட்டிருந்தால் ஒரு நகல் போதும். தோட்டத்து டிரஸ்ஸரோ கிராணியோ கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதமா இருந்தாலும் கொண்டு வாங்க. அசலை நாங்க வாங்க மாட்டோம், கோயில் அலுவலகத்திலேயே படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம்.

வரும் ஞாயிறு காலைப் பூஜைக்குப் பிறகு, பெரிய மீட்டரிலிருந்து கோயில் வரை குழாய் எந்த வழியா வருதுன்னு மண்ணைத் தோண்டிப் பார்க்கப் போகிறோம். அந்தக் குழாய் போட்ட காலத்தில் இங்கே வேலை செஞ்ச தாத்தா யாராவது இருந்தால், காரில் கூட்டி வாங்க. இடத்தைக் கைகாட்டிச் சொன்னால் போதும், தோண்டுவதற்கு நாங்க இருக்கோம். மண்வெட்டி ஆறு இருக்கு, இன்னும் நாலு வேணும். சகதி லாரிக்கு மட்டும் செவ்வாய்க்கிழமைக்குச் சொல்லியாச்சு. அன்றைக்குக் கோயில் பின்பக்கம் வண்டி நிறுத்தாதீங்க.